ஏழாவது ஷரத்து: கூத்துக் கலைஞர் சங்கத்தில் பத்து இரவுக்கு முன்பதிவு செய்த அனுபவம்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்னும் ஊருக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா ஆண்டுதோறும் நடப்பதில்லை. மழையும் மகசூலும் ஊர் ஒற்றுமையும் ஒன்றாகக் கூடிவரும் ஆண்டில்தான் பாரதம் வைப்பது, அதாவது பகலில் மகாபாரதக் கதையும் இரவில் கூத்துமாக அந்த விழாவை நடத்துவது, என்பது முன்னோர் காலத்து வழக்கம். அப்படிக் கூடிவந்த ஓர் ஆண்டில் விழாக் குழுவின் கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. நோட்டோடு சேர்த்து, பத்து இரவுக் கூத்துக்கு ஒரு நல்ல குழுவை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் வந்தது. இம்முறை ஏஜெண்டுகள் யாரையும் நாடாமல், இப்பகுதிக் கூத்துக் கலைஞர்கள் தாங்களே பதிவு செய்து நடத்தும் சங்கத்தின் அலுவலகத்தில் நேரடியாக முன்பதிவு செய்தோம். அந்தச் சேவை எப்படி இருந்தது, கொடுத்த பணத்துக்குத் தகுமா என்பதைக் கூத்து வைக்க நினைக்கும் பிற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்துச் சொல்லப்போவதால் சங்கத்தின் பெயரையும் குழுவின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

சங்கத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் முந்தைய பாரதத்தில் பட்ட பாடு. அப்போது ஓர் ஏஜெண்ட், நல்ல பெயர் எடுத்த ஒரு குழுவின் நோட்டீஸைக் காட்டி அச்சாரம் வாங்கிக்கொண்டு போனார். விழாவுக்கு வந்ததோ நாலைந்து குழுக்களிலிருந்து ஆளுக்கொருவராகப் பொறுக்கிச் சேர்த்த செட்டு. அருச்சுனனுக்கும் திரௌபதிக்கும் பாட்டு முறை ஒத்துவரவில்லை; ஒருவர் எடுத்த தருவை, அதாவது கூத்துப் பாட்டை, மற்றவர் வேறு மெட்டில் முடித்தார். எட்டாம் நாள் இரவு பத்தரை மணி ஆகியும் கொட்டகையில் ஒருவரும் அரிதாரம் பூசவில்லை. போய்க் கேட்டால், ஏழு இரவுக் கூலியில் ஒரு பைசாகூடத் தங்கள் கைக்கு வரவில்லை என்றார்கள். நாங்கள் முக்கால் பங்குப் பணத்தை ஏஜெண்டிடம் கொடுத்து முடித்திருந்தோம். அவருடைய செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஊர் இளைஞர்கள் கோபத்தைக் கலைஞர்கள்மீது காட்டினார்கள். ஏமாந்தது இரண்டு தரப்பும்தான் என்பது எங்களுக்கு விளங்க இரவு ஒரு மணி ஆயிற்று. மறுபடியும் வீடு வீடாக வசூல் செய்து கொடுத்து, விடிவதற்குள் கர்ண மோட்சத்தை அவசர அவசரமாக முடித்தோம்.

சங்கத்தின் அலுவலகம் வேலூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், மைக் செட்டும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடும் ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. மாடிப்படி குறுகல், முதியவர்களை அழைத்துப் போனால் கைத்தாங்கல் தேவைப்படும். உள்ளே ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரோரம் உறை போட்ட இரண்டு மிருதங்கங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய தாள்தான் அந்த அறையின் உயிர்நாடி. பங்குனியிலிருந்து ஆடி வரையிலான தேதிகள் மேலிருந்து கீழாகவும், உறுப்புக் குழுக்கள் இடமிருந்து வலமாகவும் கட்டம் போடப்பட்டு, எந்தக் குழு எந்த இரவு எந்த ஊரில் ஆடுகிறது என்பது பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அச்சாரம் கட்டிய பிறகுதான் பென்சில் எழுத்தின்மேல் மை ஏறும். ஒரே இரவை இரண்டு ஊர்களுக்கு விற்றுவிட்டு ஏதோ ஓர் ஊரைக் கைவிடும் பழைய வியாபாரம் இந்தத் தாளின் முன்னால் நடக்காது. யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் மாசி மாதத்தில் மூன்று பேர் போனோம். செயலாளர் ஒரு மிருதங்க வாத்தியார்; அறுபதைக் கடந்தவர். தேதி கேட்டார், ஊரில் கடைசியாகப் பாரதம் நடந்த ஆண்டைக் கேட்டார், பாரதப் பிரசங்கத்துக்கு யாரை வைத்திருக்கிறோம் என்று கேட்டார். பகல் கதையும் இரவுக் கூத்தும் ஒரே நாளில் ஒரே கட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால் பிரசங்கியாரிடம் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு நான்கு பக்க ஒப்பந்தப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடப் போனபோது கையால் மறித்தார். “படிச்சிப் பாத்துட்டு போடுங்க சார். அப்பறம் எங்க மேல வருத்தம் வாணாம்.”

படிவத்தில் பன்னிரண்டு ஷரத்துகள். அச்சாரத்துக்கு ரசீது உண்டு; ரசீது இல்லாமல் சங்கத்தின் ஆள் என்று யார் வந்து பணம் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வருகிற பதினான்கு பேரின் பெயரும், யார் யாருக்கு எந்த வேடம், எந்த வாத்தியம் என்பதும் இணைப்பில் எழுதப்படும். ஆள் மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாற்றினால் அன்றைய கூலியில் பிடித்தம் செய்யலாம். காவல் நிலைய அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் ஊரின் பொறுப்பு. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்னும் விதி 2000ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதற்கும் இருக்கிறது என்பதையும், இரவு முழுவதும் நடப்பதே கூத்தின் இலக்கணம் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்த ஷரத்து யார் தலையில் எந்தச் சிக்கலை இறக்கி வைக்கிறது என்பது புரியும். ஆட்டத்தின் நடுவே காவலர் வந்து நிறுத்தினாலும் குழுவுக்குக் கூலி உண்டு. குடித்துவிட்டு மேடைக்குள் வருபவரைத் தடுப்பது ஊரின் வேலை. குடித்துவிட்டு வேடம் கட்டுபவரை நீக்குவது சங்கத்தின் வேலை.

ஏழாவது ஷரத்தை அப்படியே எழுதுகிறேன்: “குழுவினர் அனைவருக்கும், வேடக்காரர், வாத்தியக்காரர், பெட்டி தூக்குபவர் என்னும் வேறுபாடு இன்றி, ஒரே இடத்தில், ஒரே பந்தியில், ஊரார் உண்ணும் உணவே பரிமாறப்பட வேண்டும். தவறினால் அன்றைய ஆட்டம் நடைபெறாது. கூலி முழுமையாகத் தரப்பட வேண்டும்.” நான் உரக்கப் படித்தபோது எங்களோடு வந்திருந்த பெரியவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வடாற்காட்டுக் கூத்தில் பல சாதியினர் சேர்ந்து ஆடுகிறார்கள். மேடையில் தருமராசாவாக நிற்பவரும் அவருக்கு முகவீணை ஊதுபவரும் ஊருக்குள் வேறு வேறு தெருக்காரர்களாக இருப்பார்கள். செயலாளரின் குருநாதரை ஓர் ஊரில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இலை போட்டு உட்காரவைத்தார்களாம். ராஜ வேடக்காரர்கள் உள் திண்ணையில் சாப்பிட்டார்களாம். அந்த இரவு வேடம் கட்டிய எல்லோரும் சாப்பாட்டை விட்டு எழுந்து, கிரீடங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு நடந்தே அடுத்த ஊருக்குப் போனார்களாம். ஊரின் பெயரைக் கேட்டோம்; அவர் சொல்லவில்லை.

மற்ற ஷரத்துகளுக்கும் இதைப் போல ஒவ்வோர் இரவு இருக்கிறது. கூத்துக்கு எழுத்து ஒப்பந்தம் என்று சொன்னாலே எங்கள் பாட்டன்மார் சிரித்திருப்பார்கள். அவர்கள் காலத்தில் கூத்தாடும் குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் இடையே முறை என்றும் மிராசு என்றும் சொல்லப்பட்ட பிணைப்பு இருந்தது. இன்ன ஊர்ப் பாரதத்தில் ஆடும் உரிமை இன்ன குடும்பத்துக்கு என்று இருக்கும். அது உரிமையாக இருந்த அளவுக்குக் கட்டாயமாகவும் இருந்தது. அறுவடைக் களத்தில் அளக்கும் நெல்லும், விழா முடிவில் போர்த்தும் வேட்டி துண்டும்தான் பெரும்பகுதிக் கூலி. கலைஞர் வர முடியாது என்று சொல்ல இடமில்லை. ஊர் இவ்வளவுதான் அளப்போம் என்றால் மறுபேச்சும் இல்லை. பணக் கூலி பெருகி அந்த முறை தளர்ந்தபோது கலைஞருக்கு எந்த ஊருக்கும் போகும் விடுதலை கிடைத்தது. எந்த ஊரில் எந்தத் தேதியில் விழா என்ற செய்தி மட்டும் அவர் கையில் இல்லை. அந்தச் செய்தியைக் கையில் வைத்திருந்தவர் ஏஜெண்ட் ஆனார்.

இதற்கு மாற்றாகக் கூத்துக் கலைஞர்கள் தாங்களே அமைப்பாகத் திரண்ட வரலாற்றில் 1990 முக்கியமான ஆண்டு. பழைய வடாற்காட்டைச் சேர்ந்த பெருங்கட்டூரிலிருந்து வந்த பொ. ராஜகோபாலும் வேறு சில தொழில்முறைக் கலைஞர்களும் அவ்வாண்டில் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘தெருக்கூத்து’ என்று ஊரறிந்த பெயர் இருக்கும்போது ‘கட்டைக்கூத்து’ என்ற பெயரை அவர்கள் தேர்ந்தது வீம்புக்காக அன்று. கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை என்று மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த அணிகளை, அதாவது கட்டையை, உடலில் கட்டி ஆடும் உரிமை உடையவனே தேர்ந்த கலைஞன் என்பது தொழிலுக்குள் இருந்த மதிப்பீடு. தெருவில் ஆடுகிறவன் என்ற ஒலி அதில் இல்லை. 2002இல் அவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். நாங்கள் முன்பதிவு செய்த சங்கம் அதன் கிளை அன்று. ஆனால் படிவத்தின் தலைப்பில் ‘கட்டைக்கூத்து’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் செயலாளர் மறைக்கவில்லை.

சினிமாத் தொழிலாளர்கள் இந்தப் பாதையில் முன்னரே நடந்தவர்கள். தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இல் அமைந்தது. நாடக நடிகர்களும் அதில் உறுப்பினர்கள் என்பதைத் தேர்தல் நேரத்தில்தான் நாளிதழ்கள் நினைவுபடுத்துகின்றன. நடிகருக்குப் பின்னால் நிற்பவர்களைத் திரட்டியதில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனின் பங்கு பெரிது. அவர் 1925இல் சித்தூரில் பிறந்தவர். 1911 வரை வடாற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த ஊர் அது. காட்பாடியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். கேரளத்தில் அவரை இசைக்காக நினைக்கிறார்கள். சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலினும் தபேலாவும் வாசித்தவர்களோ, தங்களுக்குச் சங்கம் கண்டு முறையான ஊதியம் கேட்கக் கற்றுத்தந்தவர் என்று நினைத்தார்கள். வங்காளத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் அந்தப் பணியில் அவரோடு நின்றவர். அவ்வாறு உருவான தனித்தனிச் சங்கங்கள் ஒரு குடையின்கீழ் வந்ததே பெப்சி என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். இன்று அதில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் உள்ளன.

1981இல் வந்த மத்தியச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. கூத்துக்காரருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இதற்கு அரசின் பாராமுகத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. சினிமாவில் தயாரிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். வழக்குப் போட அவருக்கு ஒரு முகவரி இருக்கிறது. கூத்துக்கு முதலாளி யார்? ஓர் இரவு எங்கள் ஊர், அடுத்த இரவு ஒடுகத்தூர்ப் பக்கம், அதற்கு அடுத்த இரவு கண்ணமங்கலம் தாண்டி ஏதோ ஒரு காலனி. 1918இல் சென்னையில் பின்னி மில் தொழிலாளர் சங்கம் கண்டபோது எதிரே ஓர் ஆலை இருந்தது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம் என்றபோதும் மனத்தில் இருந்தது ஆலைதான். ஒவ்வோர் இரவும் முதலாளி மாறும் தொழிலுக்கு அந்தச் சட்டை அளவாக இல்லை. ஆகவேதான் எங்கள் பக்கத்துச் சங்கம் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, தொழிற்சங்கத்தின் வேலையை அந்த நான்கு பக்கப் படிவத்தின் மூலம் செய்கிறது.

அயலூர்க் கதை ஒன்றும் இங்கே பொருந்தும். நியூயார்க் நாடக நடிகர்கள் 1913இல் சங்கம் அமைத்து, 1919 ஆகஸ்டில் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்து நாடக அரங்குகளை மூடவைத்தார்கள். ஒத்திகைக்குக் கூலி இல்லை, உடைச் செலவு நடிகர் தலையில், வெளியூர் போன குழு நட்டப்பட்டால் முதலாளி அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார் என்பவை அவர்களுடைய முறையீடுகள். எங்கள் படிவத்தின் ஐந்தாவது ஷரத்து, விழா பாதியில் நின்றாலும் குழு வீடு திரும்பும் வண்டிக் கூலி ஊரைச் சேர்ந்தது என்கிறது. செயலாளர் நியூயார்க்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. நடுவழியில் நின்ற அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

சங்கம் என்றாலே நன்மை என்று எழுதிவிட முடியாது. 1997இல் பெப்சிக்கும் படைப்பாளிகள் அமைப்புக்கும் மூண்ட தகராறில் படப்பிடிப்புகள் மாதக் கணக்கில் நின்று, அன்றாடக் கூலிக்காரர்களே முதலில் வாடினார்கள். உறுப்பினர் அட்டை இல்லாதவருக்கு வேலை இல்லை என்னும் நிலை, உள்ளே இருப்பவருக்கு வேலியாகவும் வெளியே நிற்பவருக்குச் சுவராகவும் ஆவதுண்டு. அந்தச் சுவரின் நிழல் எங்கள் சங்கத்திலும் விழுகிறது. எங்கள் ஊரிலேயே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேடத்தை நன்றாகக் கட்டும் ஓர் இளைஞர் இருக்கிறார். அவரை ஓர் இரவாவது சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டோம். உறுப்புக் குழு ஒன்றின் வாத்தியார் பரிந்துரைக்காமல் யாரும் மேடையேற முடியாது என்று மறுத்துவிட்டார்கள். பெண் உறுப்பினர்கள் மிகக் குறைவு. திரௌபதியும் சுபத்திரையும் இன்றும் ஆண்களே. அதை மரபு என்கிறார்கள். காஞ்சிபுரத்தில் அதே மரபை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள் என்பதை நான் சொன்னபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

நல்ல பக்கத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாநில அரசு 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை அமைத்தது. வாரிய அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து போன்றவற்றுக்கு உதவி கேட்கலாம். அட்டை வாங்குவதற்குள் ஒரு கலைஞருக்கு இரண்டு பாரதம் ஆடிய களைப்பு வந்துவிடும். அலுவலகத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில், ஒரு பம்பைக்காரருக்குப் புதுப்பித்தல் விண்ணப்பத்தை ஒரு கல்லூரி மாணவி நிரப்பிக்கொண்டிருந்தாள், செயலாளரின் பேத்தி. 2020, 2021 ஆகிய இரண்டு கோடைகளும் ஊரடங்கில் போனபோது உதவிப் பணம் பெற்றுத் தந்தது இந்த அட்டைகள்தான் என்றும், அட்டை இல்லாதவர்கள் செங்கல் சூளைக்குப் போனார்கள் என்றும் அவள் சொன்னாள். முன்பதிவு செய்யும் ஊர்க்காரருக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. ஆனால் நாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்பது தெரிய வேண்டும் அல்லவா?

இனி ஆட்டம். முதல் இரவு குழு மாலை ஐந்து மணிக்கே வந்துவிட்டது. ஒன்பது மணிக்குக் களரி முழங்கியது. மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், அவற்றின்மேல் முகவீணையின் அந்தக் கூரான நாதம். எங்கள் தெருக் குழந்தைகள் சோற்றுத் தட்டோடு ஓடிவந்தார்கள். சாப்பாட்டு ஏற்பாட்டில்தான் முதல் சோதனை. பழக்கத் தோஷம் என்றே சொல்ல வேண்டும், சமையல் பொறுப்பாளர்கள் கோயில் மண்டபத்தில் எட்டு இலையும் வேப்ப மரத்தடியில் ஆறு இலையும் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர் ஒன்றும் பேசவில்லை. முகத்தில் பாதி அரிதாரத்தோடு மண்டப வாசலில் வந்து நின்றார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. வேலூரில் சன்னலுக்கு வெளியே பார்த்த அதே பெரியவர் எழுந்துபோய், மரத்தடி இலைகளைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துவந்து மண்டபத்து வரிசையின் கடைசியில் போட்டார். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு பத்து இரவும் இந்தப் பேச்சே எழவில்லை.

சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் வரும் பகடை துகில் இரவைத் தனியே சொல்ல வேண்டும். துச்சாதனன் வேடம் கட்டியவர் செஞ்சாய முகத்தோடு திரையைக் கிழித்துக்கொண்டு வருவதுபோல் வந்தார். பெண்கள் பகுதியில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. ஆனால் புடவையில் கை வைக்கும் கட்டம் நெருங்கியபோது ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மன் பக்கம் திரும்பி விழுந்து கும்பிட்டு, இது வயிற்றுப் பாட்டுக்காகக் கட்டிய வேடம், பிழை பொறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். திரௌபதி வேடக்காரர் நடுங்கிக்கொண்டு நின்றார். அது நடிப்பா அருளா என்று பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியவில்லை. முந்தைய பாரதத்தில் வந்த செட்டு இந்தக் கட்டத்தைப் பத்து நிமிடத்தில் முடித்திருந்தது. இவர்கள் அதிகாலை மூன்று மணி வரை ஊரை எழவிடவில்லை. ஒரே குழுவாகப் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடுபவர்களை முன்பதிவு செய்வதன் பலன் இதுதான்.

நான்காம் இரவில் தவறு நடந்தது. குழுவின் வேன் வழியில் பழுதாகி, எட்டு மணிக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். வீமன் வேடக்காரர் உடல்நலம் இல்லாமல் வரவேயில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடினார். பக்காசூரனைக் கொல்லப் போகிற வீமன் ஒல்லியாக இருந்ததைக் கண்டு ஊர்ச் சிறுவர்கள் சிரித்தார்கள். முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் மறுநாள் காலையில் நான் செயலாளருக்குப் போன் செய்தேன், பிற்பகல்தான் எடுத்தார். வாக்குவாதம் இல்லை. இணைப்பில் எழுதியிருந்த ஷரத்தின்படி அன்றைய கூலியில் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். தவறைத் தவிர்த்திருக்க வேண்டும். ஆனால் தவறுக்கு என்ன விலை என்பது முன்பே எழுதப்பட்டிருந்ததால் யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

பிற குறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் எப்போது திறக்கும் என்று பலகையில் இல்லை. முதல் முறை பூட்டைப் பார்த்துத் திரும்பினோம். குழுவுக்குக் குழு கட்டணம் வேறுபடுகிறது, ஆனால் விலைப் பட்டியல் சுவரில் இல்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். படிவத்தின் மொழி பத்திர எழுத்தர் நடையில் இருப்பதால் ஊர்ப் பெரியவர்களுக்கு நான் இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. எங்களுக்குப் பத்து இரவுக்கும் சேர்த்து 2,80,000 ரூபாய் ஆயிற்று. ஏஜெண்ட் சொல்லும் தொகையைவிட இது கூடுதல்தான். மலிவாகக் கூத்து வேண்டுபவர்களுக்கு இந்தச் சங்கம் ஏற்றது அன்று. ஒற்றை இரவு ஆட்டத்துக்கும், இறந்தவர் காரியத்தில் கர்ண மோட்சம் மட்டும் வைப்பதற்கும் இவ்வளவு நீண்ட படிவம் மிகை என்றும் தோன்றுகிறது. அவற்றுக்கு ஒரு பக்கப் படிவம் வைக்கலாம்.

துரியோதனன் வீழும் படுகளம், பத்தாம் இரவு விடிந்த காலையில். களத்தில் மண்ணால் பரப்பிய துரியோதனன் உருவம் கிடக்க, வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அதைச் சுற்றி ஓடி ஓடிப் போர் செய்தார்கள். திரௌபதி கூந்தல் முடித்தாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து, ஒப்பாரியின் நடுவே முன் வரிசையில் நின்ற ஆண்களை விளாசினாள். எனக்கும் இரண்டு விழுந்தது. மாலையில் தீமிதி முடிந்து குண்டம் புகைந்துகொண்டிருக்கும்போது கணக்கு முடித்தோம். செயலாளர் வேலூரிலிருந்து வந்திருந்தார். நான்காம் இரவின் கழிவு போக மீதித் தொகையை ஊர் முன்னிலையில் எண்ணி வாங்கி, ரசீது கொடுத்து, சங்கப் பங்கை எடுத்து வைத்தார். பிறகு மண்டபத் தரையிலேயே உட்கார்ந்து பதினான்கு பேரையும் பெயர் சொல்லி அழைத்தார். ஒவ்வொருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தம் கூலியைக் கையில் வாங்கினார்கள்; அரிதாரம் கழுவாத விரல்களின் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் ஒட்டின. கடைசியாக வந்தவர் முகவீணைக்காரர். எழுத்து எழுத்தாகத் தம் பெயரை எழுதி முடித்து, பணத்தை எண்ணாமலே மடியில் செருகிக்கொண்டு, மண்டபத்துப் பக்கம் திரும்பி, இலை போட்டாயிற்றா என்று கேட்டார்.